கோகிச் வீட்டு நோய்

ரகித்னிக் ஊரில் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் யாரும் ஆற்றங்கரைக்குப் போக மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியைப் போடுவார்கள். மேயர் எதைத் திறந்து வைத்தார், எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், யார் செத்தார்கள், யார் வீட்டுப் பசு காணாமல் போயிற்று என்பதெல்லாம் வாசித்து முடித்த பிறகு, தெசாங்கா கோகிச் தாளைப் புரட்டி வைத்துவிட்டு, "டான்யூப், ரகித்னிக் துறையில், முந்நூற்று நாற்பது சென்டிமீட்டர், இறங்குமுகம்" என்பாள். அத்தோடு டிவியை அணைத்துவிட்டு ஊர் சூப் குடிக்கப் போகும். இருபத்துநாலு வருஷமாக இதுதான் நடைமுறை.

அவள் பெரிய அழகி ஒன்றும் இல்லை. மூக்கு கொஞ்சம் நீளம். ஆனால் குரலில் ஒரு நிதானம் உண்டு. வெள்ளம் வந்த வருஷம் மேயர் ஆபீஸிலிருந்து "கரை பலமாக இருக்கிறது, பயம் வேண்டாம்" என்று எழுதி அனுப்பினார்கள். அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு துறைக்கே போய் அளவுக் கம்பத்தைப் பார்த்துவிட்டு வந்து, அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, தான் பார்த்த அளவை வாசித்தாள். அவளைக் கேட்டவன் பன்றிகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். மேயரைக் கேட்டவன் பன்றிகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து ஊருக்குள் ஏதாவது தர்க்கம் வந்தால், "தெசாங்கா சொன்னாளா?" என்பார்கள். சொன்னாள் என்றால் பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவள்தான் அக்டோபரில் அதைச் செய்தாள்.

கேபிள் தொழிற்சாலையில் இருநூறு பேரை நீக்குவதாகப் பட்டியல் ஒட்டினார்கள். ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். சட்டம் என்னவென்றால், ஆட்களில் பாதிக்கு மேல் கலந்துகொண்டால்தான் அது வேலைநிறுத்தம். குறைந்தால் வெறும் மட்டம் போடுவது, முதலாளி இஷ்டம்போல் வெளியே தள்ளலாம். மொத்த ஆட்கள் ஆயிரத்து நூறு. ஊர்வலம் பாலத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் தெசாங்கா பாலத்து முனையில் நின்றுகொண்டு, நோட்டில் ஐந்தைந்து கோடாகப் போட்டு எண்ணினாள். கொஷாவா என்கிற குளிர்காற்று அவள் மேல்கோட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. அவள் புருஷன் ராதிசாவும் அதில் வந்தான். அவளைப் பார்த்து லேசாகக் கையைத் தூக்கினான். அவனுக்கும் ஒரு கோடு போட்டாள். மொத்தம் அறுநூற்றுப் பதினாலு.

பழைய சினிமாக் கொட்டகை மாடியில் இரண்டு அறைதான் டிவி நிலையம். செய்தி ஆசிரியர் மொம்சிலோ அவள் எழுதிய தாளை வாங்கிப் படித்தான். பென்சிலை எடுத்து எண்ணை அடித்துவிட்டு மேலே "சுமார் அறுபது" என்று எழுதினான்.

"இது என்னப்பா?"

"மேல இருந்து வந்தது, தெசாக்கா."

"மேலன்னா எங்க? நம்ம மேல கூரைதான் இருக்கு. அதுவும் ஒழுகுது."

"விளையாடாதக்கா. மேலன்னா மேலதான். உனக்கே தெரியும்." நிலையத்தின் சொந்தக்காரர் தொழிற்சாலை முதலாளிக்கு மைத்துனர். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். "உனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டே வருஷம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. வாசிச்சுட்டுப் போயிரு."

ஆறு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் ஒரு காப்பி குடித்தாள், தலையை வாரினாள், உதட்டுக்குச் சாயம் பூசினாள். வேண்டாம் என்று சொல்ல நாற்பது நிமிஷம் போதும், அது அவளுக்கே தெரியும். பிறகு உட்கார்ந்து, "சுமார் அறுபது பேர்" என்று வாசித்தாள். தண்ணீர் அளவைச் சொல்வாளே, அதே குரலில். ஊருக்கு மனசு ஆறாமல் போனது அந்தக் குரலால்தான். கொஞ்சம் தடுமாறியிருந்தாலாவது மன்னித்திருப்பார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு, வேலைநிறுத்தமே நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இருநூறு பேரும் வெளியே. ராதிசாவ் அதில் ஒருவன். பன்னிரண்டு வருஷம் அவன் பக்கத்து மிஷினில் நின்ற ஜிவதினும் ஒருவன்.

யாரும் அவளைத் திட்டவில்லை, வீட்டில் கல் விடவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரொட்டிக் கடைக்காரி முன்பெல்லாம், "நேத்து போட்டிருந்த நீலச் சட்டை நல்லா இருந்துச்சுக்கா" என்பாள். இப்போது ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன?" என்றாள். பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. டிவியில் தினமும் வருகிற முகம் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். தெரியாத ஊருக்காவது போய்விடலாம். தெரிந்த ஊரில் யாரும் பார்க்காமல் நடப்பது இருக்கிறதே, அது பெரிய கொடுமை.

வீட்டில் அதைவிட. ராதிசாவ் சண்டைக்காரன் இல்லை. வாய் நிறையப் பேசுகிறவன், பாடுகிறவன். அன்றிலிருந்து அவன் பேச்சு நாலு வார்த்தைக்குள் அடங்கியது. "உப்பு இல்ல." "விறகு வந்துருச்சு." "பையன் ஆஸ்திரியாவிலேருந்து பேசினான்." அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பான். சாயங்காலம் அவள் செய்தி வாசிக்கிற நேரம் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற கொட்டகைக்குப் போய்விடுவான். அங்கே செய்வதற்கு அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. பழைய ஆணிகளை நிமிர்த்திக்கொண்டிருப்பான்.

இப்படியே டிசம்பர் வந்தது. டிசம்பர் பத்தொன்பது புனித நிகோலா நாள், கோகிச் வீட்டு ஸ்லாவா.

குடும்பத்துக்கு என்று இருக்கிற புனிதரின் நாள்தான் ஸ்லாவா. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. ஊரில் பாதி வீட்டுக்கு நிகோலாதான் என்பதால், அன்று பாதி ஊர் விருந்து போடும், மீதிப் பாதி ஊர் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடும். இதற்கு யாரையும் அழைக்கக் கூடாது. அதுதான் இதில் முக்கியம். கல்யாணத்துக்கு அழைக்கலாம், ஞானஸ்நானத்துக்கு அழைக்கலாம். ஸ்லாவாவுக்கு வருகிறவன் தானாக வர வேண்டும். போன வருஷம் வந்தவன் இந்த வருஷமும் வருவான். வராமல் போனால் அந்த வீட்டோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். அழைக்க வேண்டாமே தவிர, வேண்டாம் என்று தடுக்க வழி உண்டு: வீட்டில் சாவு, நோய் என்றால் "இந்த வருஷம் விருந்தினரைப் பெற இயலாது" என்று அறிவிப்புக் கொடுத்துவிடலாம். அதையும் செய்திக்குப் பிறகு தெசாங்காதான் வாசிப்பாள். ஐந்து வரி அறிவிப்பு, வாசித்துவிட்டால் ஒருவரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள், அதுதான் மரியாதை.

கோகிச் வீட்டுக்கு வருஷா வருஷம் நாற்பது பேருக்குக் குறையாது. எல்லாம் தொழிற்சாலை ஆட்கள், அவர்கள் பெண்டாட்டிமார். இந்த வருஷம் யார் வருவார்கள்? டிசம்பர் முதல் தேதியிலிருந்து தெசாங்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. கேட்கவும் முடியாது, கேட்டால் அழைத்த மாதிரி ஆகிவிடும்.

ராதிசாவ் ஒருநாள் காலையில் பரணிலிருந்து பெரிய பானையை இறக்கிக் கழுவ ஆரம்பித்தான்.

"எத்தனை பேருக்கு ராதே?" என்று கேட்டாள்.

"எப்பவும் போல."

"இல்ல, இந்த வருஷம் கொஞ்சம் கம்மியா..."

"எப்பவும் போல," என்றான். பானையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

மீன் வாங்க அவள்தான் போனாள். கிறிஸ்துமஸ் நோன்புக் காலம், இறைச்சி கிடையாது, மீன்தான். சந்தையில் மீன்காரன் ஒரு கெண்டையைத் தராசில் போட்டான்.

"அஞ்சு கிலோ காட்டுதுக்கா," என்றான். "நீங்க வாசிச்சா அரைக் கிலோன்னு வரும். எது வேணுமோ அதைப் போட்டுக்கலாம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தெசாங்கா ஐந்து கிலோவுக்கான பணத்தை எண்ணி வைத்துவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படி மூன்று மீன். வழியெல்லாம் அந்தப் பை அவள் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

பதினெட்டாம் தேதி மத்தியானம் நிலையத்தில் அவள் மேஜையில் அன்றைய அறிவிப்புகள் மூன்று இருந்தன. இரண்டு சாவு. ஒன்று, மகனை இழந்த ஒரு குடும்பம், ஸ்லாவாவுக்கு விருந்தினரைப் பெற இயலாது என்று. அதைப் பலமுறை படித்தாள். வெற்றுப் படிவங்கள் பக்கத்திலேயே கட்டாக இருந்தன. அவளுக்கு மனக்கண்ணில் ராதிசாவ் வெள்ளைச் சட்டையோடு நிற்பது தெரிந்தது. ஸ்லாவா அன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. காலையிலிருந்து கடைசி விருந்தாளி போகிறவரை நின்றுகொண்டே பரிமாற வேண்டும். யாருமே வராத வீட்டில், நாற்பது தட்டுக்கு முன்னால், அவன் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்பான். உட்கார் என்றால் உட்கார மாட்டான், அவனை அவளுக்குத் தெரியும். அதைப் பார்ப்பதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

படிவத்தை எடுத்தாள். பேனாவை எடுத்தாள். "ராதிசாவ் கோகிச் குடும்பத்தார், வீட்டில் நோய் காரணமாக, இவ்வாண்டு புனித நிகோலா நாளில் விருந்தினரைப் பெற இயலாது என்பதை உறவினருக்கும் நண்பருக்கும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறார்கள்." வரப் போவதில்லை என்கிற ஊருக்கு, வர வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டால் அவமானம் இல்லையே. ராதிசாவிடம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அவனும் உள்ளூர நிம்மதிப்படத்தான் செய்வான். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு மணிக்கு வாசித்தாள். மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற த்ராகிஷா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் விளக்கு எரிந்தது. ராதிசாவ் கெண்டையைச் செதில் சீவிக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் செதில். வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பாடுகிறான். அவள் வாசலில் நின்றாள்.

"ஜிவதினுக்குத் தலைதான் பிடிக்கும்," என்றான். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவளிடம்தான் சொன்னான். "தலையைத் தனியா எடுத்து வை."

அறிவிப்பைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். "சரி," என்றாள்.

உள்ளே போய் பீன்ஸை வடித்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு, மிளகாய்த் தூள் தூவி அடுப்பில் வைத்தாள். கோதுமையை அவித்து, ஈரம் போகத் துணியில் பரப்பினாள். வால்நட்டை அரைத்துக் கலந்தாள். ஊறுகாய் முட்டைகோசை நறுக்கினாள். வர வேண்டாம் என்று தானே சொல்லி அனுப்பிய நாற்பது பேருக்கு ஒருத்தி உட்கார்ந்து சமைப்பதை யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. வெங்காயத்தின் பேரில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ராதிசாவ் ஸ்லாவா ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனான். பாதிரியார் மந்திரித்து வெட்டிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தவன் தொப்பியைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

"எல்லாம் என்னை ஒரு மாதிரியா பார்க்கிறானுங்க," என்றான்.

"எப்படி?"

"என்னமோ நம்ம வீட்ல எழவு விழுந்த மாதிரி. பாதிரியார் என் தோள்ல கை வச்சு, 'கடவுள் குணமாக்குவார் ராதிசாவ்'ங்கிறார். வேலை போனா அது ஒரு நோயா? இவர் ஒருத்தர்."

தெசாங்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவன் அதற்குள் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுச் சட்டை மாற்றப் போய்விட்டான்.

பத்து மணி. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. மேஜையின் தலைப்பக்கம் நின்றான். கோதுமைக் கிண்ணமும் கரண்டிகளும் வாசலுக்குப் பக்கத்தில்; வருகிறவர் முதலில் அதில் ஒரு கரண்டி வாயில் போட வேண்டும். ரக்கியா என்கிற பழச்சாராய பாட்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்தான். பதினொன்று. தெருவில் கோட்டு போட்ட ஜோடிகள் பொட்டலமும் பூவுமாகப் போவது ஜன்னலில் தெரிந்தது. எதிர் வீட்டிலும் நிகோலாதான். அங்கே கதவு திறந்து மூடுகிற சத்தம் ஓயவே இல்லை.

"உக்காரேன் ராதே, யாராவது வந்தா எழுந்துக்கலாம்."

"வீட்டுக்காரன் உக்காந்திருக்கறதப் பார்த்துக்கிட்டா ஒருத்தன் உள்ள வரணும்?"

பன்னிரண்டு. "பஸ் லேட்டா இருக்கும்," என்றான். "கொஷாவா அடிக்குது, கிழடு கட்டைங்க மெதுவாத்தான் கிளம்பும்." ஒரு மணி. "முதல்ல வேற வீட்டுக்குப் போயிட்டு வருவாங்க. நம்ம வீட்டுக்கு வந்தா லேசில் எழுந்து போக முடியாதுல்ல, அதனால கடைசியா வெச்சுக்குவாங்க." இரண்டு மாதமாகப் பேசாதவன் அன்று பேசிக்கொண்டே இருந்தான். ஊருக்காக அவனே வக்காலத்து வாங்கினான். மீன் ஆறிப்போயிற்று. ஒருதடவை சூடு பண்ணினாள். மறுபடி ஆறியது.

இரண்டரை மணிக்குப் பின்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ராதிசாவ் கோட்டைச் சரிசெய்துகொண்டு கோதுமைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தான்.

வந்தது ஸ்மில்யா, ஜிவதினின் பெண்டாட்டி. விசேஷத்துக்கு உடுத்தி வரவில்லை. வீட்டுக் கம்பளிதான் போட்டிருந்தாள். கையில் ஒரு பையில் ஆறு எலுமிச்சம்பழமும் ஒரு பாட்டில் பீச் பழப் பாகும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டு போகிறது அதுதான்.

"நான் உள்ள வரல," என்று கிசுகிசுத்தாள். "தொந்தரவு பண்ணக் கூடாது, தெரியும். இதைக் கொடுத்துட்டுப் போகலாம்னுதான் பின்பக்கமா வந்தேன். யாருக்கு முடியல? உனக்கா தெசா? மூஞ்சி வெளுத்துக் கிடக்கே." அப்போதுதான் கதவைத் திறந்த தெசாங்காவின் தோளுக்கு மேலாக மேஜையைப் பார்த்தாள். தட்டுகள். மெழுகுவத்தி. கிண்ணத்தோடு ராதிசாவ். "இது என்ன ராதிசாவ்? நீங்க பெறல இல்ல?"

"என்ன பெறல?"

"விருந்தாளிய. நேத்து டிவில வாசிச்சாளே. நோய்னு."

"யார் வாசிச்சா?"

ஸ்மில்யா தெசாங்காவைப் பார்த்தாள். தெசாங்கா அடுப்பைப் பார்த்தாள். அடுப்புக்குள் விறகு ஒன்று சரிந்து விழுந்தது.

"நான்தான்," என்றாள்.

ராதிசாவ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். "ஸ்மில்யா," என்றான், "உண்மையைச் சொல்லு. அது வாசிக்கலேன்னா யாராவது வந்திருப்பீங்களா?"

"அதை ஏன் இப்ப கேக்கிறீங்க."

"சொல்லு."

"பதினாறு வீடு," என்றாள் ஸ்மில்யா. "சனிக்கிழமை எங்க வீட்லதான் உக்காந்து பேசினாங்க. பாதிப் பேர் முடியாதுன்னாங்க. எங்க வீட்டு ஆளுதான், 'அவ வாசிச்சதுக்கு அவ மேல கோவப்படு, நிகோலா என்னடா பண்ணாரு, ராதிசாவ் என்னடா பண்ணான்'னு கத்தினாரு. அப்புறம் எல்லாரும் சரின்னுட்டாங்க. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டாச்சு. நேத்து ஆறு மணிக்கு இவ வாசிச்சா. 'தெசாங்கா சொல்றான்னா நிசமாத்தான் இருக்கும், பாவம், யாருக்கு என்னவோ'ன்னுட்டு..." பையை இடுக்கிக்கொண்டு படியில் ஒரு அடி இறங்கினாள். "நான் போய்ச் சொல்லட்டுமா? இன்னும் மணி ஆகல. ஓடிப் போய்ச் சொல்லிடறேன்."

"வேணாம்."

"ராதிசாவ்..."

"ஸ்லாவாவுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டாங்கங்கிற பேரு எங்கப்பன் வீட்டுக்கு வேணாம். நீயும் வாயைத் திறக்காதே. நிகோலா மேல சத்தியம்."

ஸ்மில்யா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் வீட்டில் எதிர் வீட்டுப் பாட்டு கேட்டது. ராதிசாவ் மறுபடி மேஜையின் தலைப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

"யாரு நோயாளி?" என்று கேட்டான்.

அவள் மேஜை விரிப்பை இழுத்து நேராக்கினாள்.

"இல்ல, கேக்கறேன். ஊரே எலுமிச்சம்பழம் கொண்டுவரும். யாருக்குக் கொடுக்கணும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"நீ தனியா நிக்கறத என்னால பார்க்க முடியாதுன்னுதான்..."

"இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்?"

அவன் சத்தம் போடவே இல்லை. சத்தம் போட்டிருக்கலாம். "அக்டோபர்ல மொம்சிலோ எழுதிக் கொடுத்தான், நீ வாசிச்சே. அதைக்கூட என்னன்னு சொல்றது, பயம். மனுஷனுக்குப் பயம் வரும். இதை யாரு எழுதிக் கொடுத்தா?" என்றான். நாலரை வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

தெசாங்கா ஏப்ரனைக் கழற்றினாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஸ்லாவா கொண்டாடுகிறவருக்கு அன்று லீவு, அவளுக்கும் லீவுதான். ஆனாலும் பாலத்தைத் தாண்டி நிலையத்துக்கு நடந்தாள். மணி ஐந்து. இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தியும் தலைகளும் தெரிந்தன. தெருவில் நடக்கிறவள் அவள் ஒருத்திதான்.

மாடியில் த்ராகிஷா காகிதத்தில் சுற்றிய கேக்கைத் தின்றுகொண்டிருந்தான். அவளுக்குப் பதிலாக வாசிக்க வந்த பெண் நாற்காலியில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். மொம்சிலோ இல்லை. நிகோலா நாளன்று ஐந்து வீட்டில் சாப்பிட வேண்டியவன் ஆசிரியர். வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் தாளை அவன் பார்ப்பதில்லை.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "உன் சித்தப்பா வீட்ல இன்னைக்கு விருந்துல்ல. நான் வாசிச்சுக்கறேன்."

"உங்க வீட்ல யாருக்கோ முடியலன்னு..."

"போம்மா."

அந்தப் பெண் ஒரே ஓட்டமாகப் போய்விட்டாள். த்ராகிஷா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஏதாவது ஏடாகூடமா பண்ணப் போறியா?"

"ஆமா."

"அப்ப எனக்குச் சொல்லாத. நான் மிஷினைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிக்கறேன்." போகும்போது மைக்கின் வயரை ஒரு தடவை அழுத்திச் சரிபார்த்துவிட்டுப் போனான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மேயரை வாசித்தாள். ரோட்டை வாசித்தாள். ஒரு சாவை வாசித்தாள். பிறகு கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். குரல் தடுமாறவில்லை. இருபத்துநாலு வருஷப் பழக்கம்.

"ஒரு திருத்தம். ராதிசாவ் கோகிச் வீட்டில் நோய் என்று நேற்று வாசித்தேன். அந்த வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. அதை எழுதியதும் நான், வாசித்ததும் நான், வீட்டுக்காரருக்குத் தெரியாது. இன்னொரு திருத்தம். அக்டோபர் மாதம் கேபிள் தொழிற்சாலை ஊர்வலத்தில் சுமார் அறுபது பேர் என்று வாசித்தேன். பாலத்தில் நின்று நானே எண்ணினேன். அறுநூற்றுப் பதினாலு பேர். பொய் என்று தெரிந்துதான் வாசித்தேன். நோட்டு என்னிடம் இருக்கிறது. கேட்கிற அதிகாரியிடம் கொடுப்பேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது, வாருங்கள் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். அழைக்கக் கூடாது. "டான்யூப், ரகித்னிக் துறையில், முந்நூற்றுப் பன்னிரண்டு, இறங்குமுகம்."

விளக்கு அணைந்தது. மொம்சிலோவின் மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. த்ராகிஷா அதைப் பார்த்துக்கொண்டு நின்றானே தவிர எடுக்கவில்லை. அவள் தன் டிராயரிலிருந்து சீப்பையும் நோட்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. ஸ்லாவா வீடுகளில் டிவி மூலையில் ஓடும். அந்தக் கூச்சலில் சத்தம் யார் காதில் விழும்? வருகிற வழியில் ஒரு வீட்டின் ஜன்னல் திறந்து ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். அவளைத்தான் பார்த்தான். ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

வீட்டில் ராதிசாவ் நின்றுகொண்டிருந்தான். மெழுகுவத்தி முக்கால்வாசி எரிந்துவிட்டது. மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் துணி மூடிக் கிடந்தது அது.

"பதினேழு," என்றான்.

"என்ன?"

"அறுநூத்திப் பதினாலுன்னு சொன்னே. அறுநூத்திப் பதினேழு. ஜிவதினுக்குக் கால் ஆகாதுல்ல, பாலத்துல ஏற முடியாதுன்னு ரெண்டு பேரு அவன வண்டில வச்சு அணைக்கட்டு வழியா சுத்திக் கூட்டிட்டு வந்தாங்க. நீ பார்த்திருக்க முடியாது."

"அப்ப நாளைக்கு அதையும் திருத்தணும்."

"நாளைக்கு உன்னை எங்க உள்ள விடப் போறான்?"

"ஆமா. விடமாட்டான்."

"பென்ஷன்?"

"போச்சு."

அவன் தலையாட்டிக்கொண்டான். பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். "மீனைச் சூடு பண்ணு," என்றான். "அந்த ஓரத்து நாற்காலியைக் கொஞ்சம் நகத்திப் போடு. ஜிவதின் வந்தா காலை நீட்டணும்."

அவள் மீனை அடுப்பில் வைத்தாள். நாற்காலியை நகர்த்தினாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தலையை வாரிக்கொண்டு, மேஜையின் இந்தப் பக்கத்தில் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். வாசல் கதவு தாழ் போடாமல் இருந்தது. காற்றுக்கு அது ஒவ்வொரு தடவை அசையும்போதும் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

ஏழரை ஆயிற்று. யாரும் வரவில்லை. அவர்கள் உட்காரவும் இல்லை.